அம்மா பள்ளிக்கூடத்துக்கு வந்த நாள்

போன மாசம் என்னுடைய படமொன்றுக்குக் கீழே ஒருவன் கொமென்ற் போட்டிருந்தான். "டேய் நிவாரணம், ஆளே மாறிட்டாய் மச்சான்." பக்கத்தில் ஒரு சிவப்பு இதயம். அவன் இப்போது கனடாவில் இருக்கிறான். நல்ல பெடியன்தான், பிறந்தநாளுக்கு மறக்காமல் வாழ்த்துச் சொல்லுவான். அவனுக்கு அது ஒரு பழைய பகிடி, அவ்வளவுதான். எனக்கோ அந்தச் சொல்லைக் கண்டதும் கை தானாகப் போய் அதை அழித்துவிட்டது. பிறகு கொஞ்ச நேரம் போனைக் கவிழ்த்து வைத்துவிட்டு இருந்தேன். எனக்கு 26 வயசு.

நிவாரணம் என்பது பள்ளிக்கூடத்தில் எனக்குத் தெளித்த பட்டம். 2010 இல் மெனிக் பாம் முகாமிலிருந்து விட்டபிறகு அம்மாவும் அக்காவும் நானும் யாழ்ப்பாணத்தில் மாமா வீட்டில் வந்து ஒதுங்கினோம். மாமா ஆரையோ பிடித்து, அந்த ஆள் இன்னொரு ஆளைப் பிடித்து, என்னை ஏழாம் ஆண்டில் ஒரு பெரிய பள்ளிக்கூடத்தில் சேர்த்துவிட்டார்கள். என்னிடம் இருந்தது யுனிசெவ் எண்டு எழுதின நீலப் பை. முகாமில் இருந்த பிள்ளைகள் கனபேரிடம் அந்தப் பை இருந்தது. அங்கே அது சாதாரணம். இங்கே வகுப்பில் என்னிடம் மட்டும்தான் இருந்தது. முதல் கிழமையே பேர் விழுந்துவிட்டது.

இடைவேளைக்குச் சாப்பாட்டுப் பெட்டியைத் திறந்தால் ஒருத்தன் எழும்பி நின்று, "நிவாரணம் வந்திட்டுது, எல்லாரும் லைனில நில்லுங்கோடா" என்பான். நாலைந்து பேர் உண்மையாகவே வரிசையில் வந்து நிற்பார்கள். வகுப்பே சிரிக்கும். நானும் சிரிப்பேன். சிரிக்காவிட்டால் இன்னும் கூடும் என்று தெரியும். இதை வெளியிலிருந்து பார்க்கிற ஆளுக்கு நானும் சேர்ந்து விளையாடுகிற மாதிரித்தான் இருந்திருக்கும். ஒருநாள் பையின் வாரைப் பிளேட்டால் வெட்டிவிட்டார்கள். அது மட்டும்தான் வீட்டில் மறைக்க முடியாமல் போனது.

அம்மா அடுத்தநாள் பள்ளிக்கூடத்துக்கு வந்தா. இருந்த ஒரு நல்ல சீலையை உடுத்திக்கொண்டு வந்தா. வகுப்பாசிரியை ஆசிரியர் அறைக்கு வெளியே, விறாந்தையில் நின்றபடியேதான் கதைத்தா. நான் தூணுக்குப் பக்கத்தில் நின்றேன். ரீச்சர் கேட்ட முதல் கேள்வி இதுதான்:

"தகப்பன் வரேல்லையோ?"

2009 மே மாதத்துக்குப் பிறகு அப்பா எங்கே என்று எங்களுக்குத் தெரியாது. அந்தக் கேள்விக்கு ஒரு சொல்லில் சொல்லக்கூடிய பதில் அம்மாவிடம் இல்லை. "இல்லை ரீச்சர்" என்றா. வெட்டின வாரைக் காட்டினா. ரீச்சர் பார்த்துவிட்டு, "பெடியள் எண்டா அப்பிடி இப்பிடித்தான். உங்கட மகன் புதுசுதானே, கொஞ்சம் அனுசரிச்சுப் போகச் சொல்லுங்கோ" என்றா. அம்மா தலையாட்டினா. போகும்போது, "குறை நினைக்காதேங்கோ ரீச்சர்" என்று சொல்லிவிட்டுப் போனா. முறைப்பாடு சொல்ல வந்த ஆள் மன்னிப்புக் கேட்டுவிட்டுப் போனா.

ரீச்சர் ஒன்றும் செய்யாமல் விட்டிருந்தால்கூடப் பரவாயில்லை. அடுத்த பாடவேளைக்கு வந்து என்னையும் இன்னும் மூன்று பேரையும் வகுப்புக்கு முன்னால் நிறுத்தினா. "இவன்ர அம்மா வந்து அழுதிட்டுப் போறா, உங்களுக்கு வெக்கமா இல்லையோ?" என்று கேட்டுவிட்டு ஆளுக்கு ரெண்டு அடி. அம்மா அழவில்லை. ஆனால் அதை நான் யாரிடம் போய்ச் சொல்லுவது? அடுத்தநாளிலிருந்து புதுக்கதை தொடங்கியது: "நிவாரணத்தின்ர அம்மா அழுதவ." இத்தோடு 'கோள்மூட்டி' என்ற இரண்டாவது பட்டமும் கிடைத்தது.

கொஞ்ச நாளால் அம்மா கேட்டா, "இப்ப ஒருத்தரும் சேட்டை விடுறேல்லைத்தானே தம்பி?" நான் "இல்லை அம்மா" என்றேன். உயர்தரம் முடியும்வரை, ஆறு வருசத்துக்கும் மேலாக, அந்தப் பதிலை மாற்றவில்லை.

அம்மா ஏன் மன்னிப்புக் கேட்டா என்று எனக்குக் கனகாலம் விளங்கவில்லை, கோபம்கூட இருந்தது. இப்போது யோசித்தால் அவ வேறென்ன செய்திருக்க முடியும்? இடம் எடுத்ததே பெரிய விசயம் என்று மாமா வீட்டில் ஒவ்வொரு நாளும் சொல்வார்கள். இடம் தந்த பள்ளிக்கூடத்தில் போய் எப்படிக் குறை சொல்லுவது? பழைய மாணவர் சங்கத்தில் இருக்கிற தகப்பன் வந்தால் அதிபர் கதிரை போடுவார். டொக்டரின் மனைவி வந்தால் தேத்தண்ணி வரும். அம்மாவை விறாந்தையில் நிறுத்தி வைத்துக் கதைக்கலாம். பள்ளிக்கூடத்தில் பிள்ளைக்கு ஒரு பிரச்சினை என்றால் பெற்றோர் வந்து சொல்லலாம்தானே என்று எல்லா ஆசிரியர் தினப் பேச்சிலும் சொல்கிறார்கள். வந்து சொல்லுகிற ஆள் யார் என்பதைப் பொறுத்துத்தான் அது முறைப்பாடா, கரைச்சலா என்பது முடிவாகிறது.

இதையெல்லாம் இப்போது எழுதுவதற்குக் காரணம் என்ர மருமகள், அக்காவின் மகள். இந்த வருசம் ஆறாம் ஆண்டுக்குப் போயிருக்கிறாள்.

கொரோனாக் காலத்தில் பள்ளிக்கூடங்கள் வட்ஸ்அப்புக்குப் போனதோடு வகுப்புக்கு ஒரு குறூப் என்பது நிலையாகிவிட்டது. குறூப்பில் இருப்பது அம்மாமாரின் நம்பர்கள். பின்னேரத்தில் போன் பிள்ளைகளின் கையில். தமிழ்த்தினப் போட்டிக்குப் பேச்சு மனனம் செய்துகொண்டு நின்றபோது, வாய் திறந்திருந்த நேரம் பார்த்து யாரோ மருமகளைப் படம் எடுத்திருக்கிறார்கள். அது ஸ்ரிக்கர் ஆகிவிட்டது. கீழே 'கரண்ட் கட்' என்று எழுத்து. அவள் கறுப்பு. 2022 இல் மணித்தியாலக் கணக்கில் கரண்ட் இல்லாமல் இருந்த நாட்டில் பிள்ளைகள் கண்டுபிடித்த பட்டம். யாராவது வீட்டுவேலை என்ன என்று கேட்டால், பதிலுக்கு அந்த ஸ்ரிக்கர். யாராவது குட்நைட் சொன்னால் அந்த ஸ்ரிக்கர்.

அக்காவின் போனில்தான் இவ்வளவும் வந்துகொண்டிருந்தது. அக்காவும் அதைக் கண்டிருக்கிறா. "சின்னப் பிள்ளையள் விளையாடுதுகள்" என்று விட்டிருக்கிறா. பிறகு திங்கட்கிழமைகளில் வயிற்றுக்குத்து வரத் தொடங்கியது. சாப்பாட்டுப் பெட்டி திறக்காமல் திரும்பி வந்தது. கேட்டால் பசிக்கவில்லை. கடைசியில் ஒரு இரவு அழுதுகொண்டு சொல்லியிருக்கிறாள்: ஒரு பிள்ளை, "இவளோட கதைக்கிற ஆக்கள் எங்களோட கதைக்கக்கூடாது" என்று சொல்லிவிட்டதாம். மூன்று கிழமையாக இடைவேளைக்கு லைப்ரரி வாசலில் தனிய நிற்கிறாளாம்.

அக்கா எனக்கு எடுத்தபோது நேரம் இரவு பதினொன்று. "நாளைக்கு வான் வந்து நிக்கிற இடத்தில அந்தப் பிள்ளையைப் பிடிச்சுக் கேக்கப்போறன்" என்றா. அது வேண்டாம் என்றேன். "அப்ப ஸ்கிரீன்ஷொட்டை பேஸ்புக்கில போடுறன், பள்ளிக்கூடத்தின்ர பேரோட போடுறன்" என்றா. அதுவும் வேண்டாம் என்றேன். அந்தப் பிள்ளைக்கும் 11 வயசுதான். வளர்ந்த மனிசி ஒருத்தி 11 வயசுப் பிள்ளையை ரோட்டில் மறித்தால், அடுத்த நிமிசத்திலிருந்து கதை அக்காவைப் பற்றியதாக மாறிவிடும். பேஸ்புக்கில் போட்டாலோ மருமகளின் படம் வகுப்பை விட்டு ஊர் முழுக்கப் போகும்.

"அப்ப என்ன, சும்மா இருக்கிறதோ?" என்று அக்கா கத்தினா. நியாயமான கேள்வி.

அடுத்தநாள் போனேன். முதலில் மருமகளிடம் கேட்டோம், அம்மா பள்ளிக்கூடத்துக்கு வரலாமோ என்று. உடனே, "வேண்டாம் மாமா. அம்மா வந்தா ரீச்சர் எல்லாருக்கும் முன்னால எழுப்பிக் கேப்பா" என்றாள். 14 வருசத்துக்குப் பிறகும் அதே விறாந்தை, அதே வகுப்பு. அப்போதுதான் நிவாரணம் கதையை முதன்முதலாக ஒரு ஆளுக்கு முழுதாகச் சொன்னேன். சொல்லிக்கொண்டிருக்கும்போது அம்மா குசினிக்குள் தேங்காய் திருவிக்கொண்டிருந்தா. இடையில் திருவுகிற சத்தம் நின்றது. பிறகு திரும்பவும் கேட்டது.

கதையைக் கேட்டுவிட்டு மருமகள் நிறையக் கேள்வி கேட்டாள். பிறகு அவளாகவே தனக்கு என்ன வேணும் என்று சொல்லத் தொடங்கினாள். ஸ்ரிக்கரை எல்லாரும் அழிக்கவேணும். வகுப்புக்கு முன்னால் ஒருத்தரும் தன்னைப் பற்றிக் கதைக்கக்கூடாது. தன்னை இடம் மாற்றி இருத்தக்கூடாது, ஏனென்றால் யன்னலோரம் அவளுடைய இடம். அந்தப் பிள்ளைகளுக்கு அடிக்கக்கூடாது. கடைசி ஒன்றை ஏன் சொன்னாள் என்று கேட்டேன். "அடிச்சா என்னாலதான் அடி விழுந்தது எண்டு சொல்லுவினம்" என்றாள். ஆறாம் ஆண்டுப் பிள்ளைக்குத் தெரிந்தது 2010 இல் என் ரீச்சருக்குத் தெரியவில்லை. பள்ளிக்கூடத்தில் அடிக்கக்கூடாது என்று கல்வியமைச்சு 2005 இலேயே சுற்றுநிருபம் விட்டிருந்தது, 2016 இல் திரும்பவும் விட்டது என்பதெல்லாம் நான் பிறகு தேடி அறிந்தவை.

பிறகு கடிதம் எழுத இருந்தோம். அக்கா எழுதின முதல் பிரதி இப்படித் தொடங்கியது: "எனது பிள்ளையை வகுப்பு மாணவிகள் தொடர்ச்சியாகக் கொடுமைப்படுத்தி வருகின்றார்கள்." உண்மைதான். ஆனால் அதை வாசிக்கிற அதிபர் என்ன செய்யலாம்? "விசாரிக்கிறம்" என்று சொல்லி மேசையில் வைக்கலாம். கொடுமை என்ற சொல்லைப் பற்றி வாதாடலாம். எனவே அதை வெட்டிவிட்டு, மருமகள் சொல்லச் சொல்லத் திகதி போட்டு எழுதினோம். ஜூன் 11 செவ்வாய்க்கிழமை, இடைவேளை, லைப்ரரி வாசல், சொல்லப்பட்டது இந்த வசனம், பக்கத்தில் நின்றவர்கள் இன்னார். குறூப்பில் ஸ்ரிக்கர் வந்த நாளும் நேரமும். வயிற்றுக்குத்து என்று பள்ளிக்கூடம் போகாத நாட்கள். ஸ்கிரீன்ஷொட்டுகளை அச்செடுத்து இணைத்தோம். கடைசியில் அவள் கேட்ட நாலு விசயத்தையும் அவள் சொன்னபடியே போட்டோம். ஒன்றரைப் பக்கம். எங்களுக்கு என்ன வலித்தது என்பதைப் பற்றி அதில் ஒரு வரியும் இல்லை. அதை வெட்டுவதுதான் அக்காவுக்குப் பெரிய கஷ்டமாக இருந்தது.

பெறுநர் அதிபர், ஊடாக வகுப்பாசிரியர். எங்கட அலுவலகங்களில் அந்த 'ஊடாக' இல்லாவிட்டால் வகுப்பாசிரியர் தன்னைத் தாண்டிப் போய்விட்டார்கள் என்று மனசுக்குள் வைத்துக்கொள்வார். ரெண்டு பிரதி. ஒன்றில், கிடைத்தது என்று திகதியும் கையெழுத்தும் வாங்கவேணும் என்று அக்காவுக்குச் சொல்லி அனுப்பினேன். அலுவலகத்தில் இருந்தவர், "வைச்சிட்டுப் போங்கோ, அதிபரிட்டக் குடுக்கிறம்" என்றிருக்கிறார். "ஒரு கையெழுத்துப் போட்டுத் தாங்கோ தம்பி, நான் இதில நிக்கிறன்" என்றிருக்கிறா அக்கா. 40 நிமிசம் நின்றிருக்கிறா. கையெழுத்துக் கிடைத்தது. கிடைக்காவிட்டால் தபால் கந்தோருக்குப் போய்ப் பதிவுத் தபாலில் அனுப்பித் துண்டை வைத்துக்கொள்ளுவது என்று யோசித்திருந்தோம்.

அதிபர் இரண்டு நாளில் கூப்பிட்டார். நானும் போனேன். கதிரை போட்டார் என்பதைச் சொல்லத்தான் வேணும். ஆனால் முதல் கேள்வி, "இதுக்கேன் எழுத்தில? வந்து வாயால சொல்லியிருந்தாக் காணுமே." அக்கா, "வாயால சொன்னா நான் அழுதிடுவன் சேர்" என்றா. அதை நான் எதிர்பார்க்கவில்லை. அவரும் எதிர்பார்க்கவில்லை. பிறகு அவருடைய குரல் கொஞ்சம் இறங்கியது.

அவரைக் கெட்ட மனிசன் என்று சொல்லமாட்டேன். வகுப்பு நிறையப் பிள்ளைகள், இடமாற்றத்தில் போன ஆசிரியர்களுக்குப் பதில் ஆள் வரவில்லை, ஆலோசனை வழிகாட்டலுக்கு என்று இருக்கிற ஆசிரியை நாள் முழுக்கப் புவியியல் படிப்பிக்கிறா. பள்ளிக்கூடத்தில் சிறுவர் பாதுகாப்புக் குழு இருக்கிறதோ என்று கேட்டேன். இருக்கிறது என்றார், கடைசியாக எப்போது கூடியது என்பதை அவரால் சொல்ல முடியவில்லை. "அந்த மூண்டு பேரையும் கூப்பிட்டு ரெண்டு போட்டால் சரிவரும்" என்று அவரும் சொன்னார். அக்கா கடிதத்தின் கடைசிப் பந்தியை விரலால் காட்டினா. "வேண்டாம் சேர். பிள்ளையே வேண்டாமெண்டிட்டாள்."

நாங்கள் கேட்டது மூன்று: என்ன செய்யப்போறீங்கள், ஆர் செய்யிறது, எப்ப திரும்ப வந்து கேக்கலாம். மூன்றாவதுக்கு அவர் "பாப்பம்" என்றார். அக்கா கைப்பையிலிருந்து ஒரு சின்னக் கலண்டரை எடுத்து மேசையில் வைத்தா. திகதி குறித்தார். சம்பவத் திரட்டுப் புத்தகத்திலும் பதியச் சொல்லிக் கேட்டோம். கொஞ்சம் யோசித்துவிட்டுப் பதிந்தார்.

நடந்தது என்ன என்றால், எல்லாம் நடக்கவில்லை. வகுப்பாசிரியை அந்த மூன்று பிள்ளைகளின் அம்மாமாரையும் தனித்தனியாகக் கூப்பிட்டுக் கதைத்தா. வகுப்புக்கு முன்னால் ஒன்றும் நடக்கவில்லை. குறூப்பில் இனி ரீச்சர் மட்டும்தான் எழுதலாம் என்று மாற்றிவிட்டார்கள். ஒரு அம்மா அக்காவுக்கு எடுத்து, "உங்கட பிள்ளை என்ன பெரிய ஆளோ, ஒரு பகிடி விடேலாதோ?" என்று பேசினா. இன்னொருத்தி வீட்டுக்கு வந்து, "என்ர பிள்ளையை ரியூசனில 'தடிச்சி' எண்டு கூப்பிடுறவங்கள், அவள் அதை இஞ்ச கொண்டுவந்து இறக்கிறாள் போல" என்று சொல்லி அழுதா. மருமகளோடு இப்போது இரண்டு பிள்ளைகள் கதைக்கிறார்கள். மிச்சப்பேர் இல்லை. கடிதம் எழுதி ஸ்ரிக்கரை நிற்பாட்டலாம், சிநேகிதியைக் கொண்டுவர முடியாது.

பள்ளிக்கூடம் அசையாவிட்டால் என்ன செய்வது என்றும் தேடி வைத்திருந்தோம், பலருக்குத் தெரியாமல் இருப்பதால் சொல்கிறேன். மாகாணப் பாடசாலை என்றால் அடுத்த கடிதம் வலயக் கல்விப் பணிப்பாளருக்கு, அதற்கும் மேலே மாகாணக் கல்விப் பணிப்பாளர். தேசிய பாடசாலை என்றால் கல்வியமைச்சு. முதல் கடிதத்தின் கையெழுத்துப் பிரதியை இணைத்து அனுப்பவேணும், அதற்காகத்தான் அந்த 40 நிமிசம். பிரதேச செயலகத்தில் சிறுவர் உரிமை மேம்பாட்டு உத்தியோகத்தர் என்று ஒருவர் இருப்பார். தேசிய சிறுவர் பாதுகாப்பு அதிகார சபையின் 1929 இலக்கத்துக்குக் காசில்லாமல் எடுக்கலாம், தமிழிலும் கதைக்கலாம். எழுதின கடிதத்துக்கு என்ன நடந்தது என்று ஒருத்தரும் சொல்லாவிட்டால், 2016 ஆம் ஆண்டின் தகவல் அறியும் உரிமைச் சட்டத்தின் கீழ் கேட்கலாம். தகவல் தருவதா இல்லையா என்று 14 வேலை நாளுக்குள் முடிவு சொல்லவேணும்.

ஆனால் அடித்துக் காயப்படுத்தியது, உடம்பில் கைவைத்தது, உடுப்பில்லாத படம் எடுத்தது என்று வந்தால் இந்தப் படியெல்லாம் ஏறிக்கொண்டிருக்கக்கூடாது. நேரே 1929, அல்லது பொலிஸில் சிறுவர், பெண்கள் பணியகம். அப்படியான படத்தை ஆதாரம் என்று சொல்லி மாமாவுக்கும் சித்திக்கும் அனுப்பிக்கொண்டிருக்கவும் கூடாது.

இதை வாசிக்கிற கனபேர் இன்னும் அம்மா அப்பா ஆகவில்லை என்று தெரியும். ஆனால் எங்கட வீடுகளில் கடிதம் எழுதுவது யார்? போர்ம் நிரப்புவது, பாங்குக்குக் கூடப் போவது, ஈமெயில் அனுப்புவது எல்லாம் 20 வயசுக்காரர்தானே. தங்கச்சிக்கோ மருமகனுக்கோ இப்படி ஒன்று வந்தால், அந்தக் கடிதமும் உங்களிடம்தான் வரும். பிள்ளையிடம் கேட்காமல் முதல் வரியை எழுதாதேங்கோ.

கடிதம் கொடுத்த அன்று இரவு அம்மா எங்களிடம் இருந்த பிரதியைக் கேட்டா. கண்ணாடியைப் போட்டுக்கொண்டு, லைற்றுக்குக் கீழே பிடித்து, ஒன்றரைப் பக்கத்தையும் மெதுவாக வாசித்தா. முடித்துவிட்டுத் திரும்பவும் கடைசிப் பக்கத்தைப் பார்த்தா.

"குறை நினைக்கவேண்டாம் எண்டு ஒரு வரி போடேல்லையோ?"

"போடேல்லை அம்மா."

"ம்" என்றா. மடித்து, அடையாள அட்டையும் அப்பாவைத் தேடிக் கொடுத்த கடிதங்களின் பிரதிகளும் இருக்கிற பைலுக்குள் வைத்தா.

அதிபர் குறித்துத் தந்த நாள் வருகிற செவ்வாய்க்கிழமை. அக்கா அரைநாள் லீவு போட்டிருக்கிறா. நான் வரத் தேவையில்லையாம். கூட வாறியோ என்று மருமகளிடம் கேட்டிருக்கிறா. "நான் கன்ரீனடியில நிக்கிறன், நீங்கள் போய்க் கதைச்சிட்டு வாங்கோ" என்றாளாம்.